ராஜ்கட் முதல் தோரணா வரை: மலைமுகட்டில் ஒரு நாள் நடை, முழுமையான வழிகாட்டி

சஹ்யாத்திரி மலைத்தொடரில், புணே நகருக்குத் தென்மேற்கே, ஒரே முகட்டின் இரண்டு முனைகளில் இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. ஒன்று ராஜ்கட், சுமார் 1,376 மீட்டர் உயரம். மற்றது தோரணா, 1,403 மீட்டர். புணே மாவட்டத்து மலைக்கோட்டைகளில் உயரமானது இதுதான். பெரும்பாலானவர்கள் இரண்டையும் தனித்தனி நாட்களில் ஏறி இறங்கிவிடுகிறார்கள். முகட்டைவிட்டு இறங்காமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து பாருங்கள். இந்த இடங்களில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதைக் கால்களே சொல்லிவிடும். அந்த நடையைத் திட்டமிட்டு, பத்திரமாக, ஒரே நாளில் முடிப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒரு சின்ன எச்சரிக்கை. ராஜ்கட் வேறு, ராய்கட் வேறு. சிவாஜி 1674-இல் முடிசூடிய ராய்கட் கொங்கணப் பக்கம் இருக்கிறது. வண்டி பிடிக்கும்போதும் வரைபடத்தில் தேடும்போதும் பெயரை இருமுறை சரிபாருங்கள்.

யாருக்கு ஏற்ற நடை?

இதை முதல் மலையேற்றமாக வைத்துக்கொள்ள வேண்டாம். மொத்த தூரம் 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆனால் இங்கே தூரத்தைவிட ஏற்ற இறக்கம்தான் கணக்கு. அடிவாரத்திலிருந்து ராஜ்கட்டுக்கு 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கிருந்து முகட்டில் இறங்கி, சின்னச் சின்னக் குன்றுகளாக ஏறி இறங்கி, கடைசியில் தோரணாவுக்காக மறுபடி ஒரு பெரிய ஏற்றம். அப்புறம் வேல்ஹே கிராமம் வரை முழங்காலைச் சோதிக்கும் இறக்கம். நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் 12, 13 மணி நேரம் பிடிக்கும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவும்: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நல்ல பாதையில், நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு அது. உதிர்மண்ணும் பாறையும் வெயிலும் உள்ள இந்த முகட்டில் அதன் மீது பாதியையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் 600 மீட்டர் ஏறி இறங்கி, மறுநாள் காலையில் சாதாரணமாகப் படியேற முடிந்தவர்களுக்கு இது சரிப்படும். உயரத்தைக் கண்டு தலைசுற்றுகிறவர்கள் ராஜ்கட்டை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதுவே நிறைவான ஒரு நாள்.

எந்த மாதம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. காலையில் குளிர் இருக்கும், பகல் வெயில் தாங்கும்படி இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஒரே குறை, பகல் குறுகியது. டிசம்பரில் சூரியன் எழ ஏறக்குறைய 7 மணி ஆகும். மாலை 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடும்.

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சரிவெங்கும் சோன்கி என்ற மஞ்சள் பூக்கள் விரிந்திருக்கும். அழகு என்றால் அப்போதுதான். ஆனால் பாறைகளில் பாசி இன்னும் காய்ந்திருக்காது, மழை திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை முகட்டு நடையே வேண்டாம் என்பேன். பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி, தள்ளிவிடும் காற்று, வழுக்கும் மண். மழைக்காலப் படங்களைப் பார்த்து மயங்குவது எளிது. ஆனால் அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் கோட்டைதான், முகடு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் நிழலில்லாத வெயில் ஒருபுறம், பிற்பகல் இடிமழை மறுபுறம். மொட்டை முகட்டில் மின்னலுக்கு எதிரே நிற்கும் உயரமான பொருள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

எந்தத் திசையில் நடப்பது?

ராஜ்கட்டில் தொடங்கி தோரணாவில் முடியுங்கள். பாலி கிராமத்திலிருந்து ராஜ்கட்டுக்கு வரும் பாதை நல்ல பாதை. மேல்பகுதியில் படிகளும் உண்டு. அதை இருட்டில் தலைவிளக்கோடு ஏறலாம். தோரணாவில் இறங்கும் வேல்ஹேயோ தாலுகா ஊர். கடை, மருத்துவ வசதி, வண்டி எல்லாம் அங்கேதான் கிடைக்கும். களைத்துப்போய் இறங்குகிற பக்கத்தில் ஊர் பெரிதாக இருப்பது நல்லது.

தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறுவேறு என்பதால் வண்டி ஏற்பாட்டை முன்பே யோசிக்க வேண்டும். சொந்த வண்டி என்றால் முந்தைய இரவே வேல்ஹேயில் நிறுத்திவிட்டு, விடியுமுன் ஜீப் ஒன்றைப் பேசி பாலிக்குப் போய்விடுங்கள். மாலையில் இறங்கியதும் வண்டி கண்முன் நிற்கும். மாற்றிச் செய்தால், களைத்த கால்களோடு இருட்டில் ஜீப் தேட வேண்டியிருக்கும். பேருந்தில் வருபவர்களுக்கு புணேயின் ஸ்வார்கேட் நிலையத்திலிருந்து வேல்ஹேக்கு அரசுப் பேருந்துகள் உண்டு. புணே–சத்தாரா நெடுஞ்சாலையில் நஸ்ராபூர் அருகே பிரிந்து, மார்காசனி வழியாகப் போகும் வழி அது. திரும்புவதற்கான கடைசிப் பேருந்து நேரத்தை முந்தைய நாளே நிலையத்தில் கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் புணேயில் ஒரு இரவாவது தூங்கி எழுந்து வருவது நல்லது. ரயில் தூக்கத்தை மட்டும் நம்பி இந்த நடையைத் தொடங்காதீர்கள்.

குஞ்சவணே கிராமத்திலிருந்து ராஜ்கட் ஏறும் பாதையும் உண்டு. செங்குத்தானது. கடைசியில் கம்பியைப் பிடித்து ஏறி, சோர் தர்வாஜா என்ற சின்ன ரகசிய வாசலில் நுழைய வேண்டும். சுவையான பாதைதான். ஆனால் நீண்ட நாளின் தொடக்கத்திலேயே கால்களைச் செலவழித்துவிடும். இந்த நடைக்கு பாலியே சரி.

பையில் என்ன?

தண்ணீர்தான் முதல் பேச்சு. ஆளுக்கு 4 லிட்டர். கோட்டைகளில் சுனைகள் உண்டு; வடிகட்டியோ குளோரின் மாத்திரையோ இருந்தால் ராஜ்கட்டில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். முகட்டில் தண்ணீர் இல்லை. நடுவழியில் மேய்ச்சல்காரர்களின் வீட்டில் மோரோ எலுமிச்சை சர்பத்தோ விற்றால் வாங்கிக் குடியுங்கள், அவர்களுக்கும் அது வருமானம். ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

நல்ல பிடிப்புள்ள காலணி, முழுக்கால் சட்டை, தொப்பி, தலைவிளக்கு, மாற்று பேட்டரி, விசில், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கட்டுத்துணி, பவர் பேங்க், கைபேசியில் முன்பே இறக்கி வைத்த வரைபடம். மலையில் சிக்னல் வரும், போகும். கணுக்கால் பிசகினால் சுற்றிக் கட்ட மீள்துணி (எலாஸ்டிக் பேண்டேஜ்) கட்டாயம். கையுறை ஒரு ஜோடி இருந்தால் பாறை ஏறும் இடங்களில் நிம்மதி. சாப்பாட்டை ஒரே பொட்டலமாகக் கட்டாமல், மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்படி பிரித்து வையுங்கள்.

வாசனைத் திரவியம் வேண்டாம். கோட்டைகளின் பாறை முகங்களில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகக் கூடு கட்டியிருக்கும். ராஜ்கட்டில் தேனீ கொட்டிக் காயமடைந்தவர்கள் உண்டு. புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் கூடாது. கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலகுவது ஒன்றே வழி.

அதிகாலை 5 மணி: பாலியிலிருந்து ராஜ்கட்

விளக்கோடு தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் பேச்சு தடைபடாத வேகத்தில் ஏறினால் போதும். இரண்டேகால் மணி நேரத்தில் பாலி தர்வாஜாவை எட்டிவிடலாம். அம்பாரி யானையும் நுழையலாம் என்கிற அளவுக்கு உயரமான வாசல். உள்ளே காலடி வைக்கும்போது விடிந்துகொண்டிருக்கும்.

ராஜ்கட்டைப் புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். நடுவில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைக்கு மேலிருக்கும் உள்கோட்டை, பாலேகில்லா. அதைச் சுற்றிக் கீழே பிரிந்து நீளும் மலைக்கிளைகளை மதில்கட்டிச் சேர்த்த தளங்கள், மாச்சிகள். பத்மாவதி, சுவேளா, சஞ்சீவனி என்று இங்கே மூன்று. எங்கே முகடு கிளை விட்டதோ அங்கேயெல்லாம் மதிலும் கூடவே போயிருக்கிறது.

இந்த மலைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகியவை. கெட்டியான அடுக்கு செங்குத்துப் பாறையாக நிற்கும். இளகிய அடுக்கு அரிபட்டுத் திண்ணைபோல் தளமாகும். பாலேகில்லாவையும் மாச்சிகளையும் முதலில் செதுக்கியது இந்த அரிமானம்தான். கோட்டை கட்டியவர்கள் அதைப் படித்து, விட்டுப்போன இடைவெளிகளை மட்டும் கல்லால் அடைத்தார்கள்.

சிவாஜி தோரணாவைப் பிடித்தது 1646-ஐ ஒட்டி. அப்போது அவருக்கு 16 வயதிருக்கும். அங்கே கிடைத்த புதையலைக் கொண்டுதான் ராஜ்கட் எழுந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அடுத்த கால் நூற்றாண்டுக்கு ராஜ்கட்தான் தலைநகர். 1665-இல் புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளை முகலாயரிடம் ஒப்படைத்தபோதும், கையில் வைத்துக்கொண்ட 12-இல் இந்த இரண்டும் இருந்தன. அடுத்த ஆண்டு ஆக்ராவிலிருந்து தப்பிய சிவாஜி வந்து சேர்ந்த இடமும் ராஜ்கட்தான்.

தமிழர்களுக்கு இங்கே இன்னொரு தொடர்பும் உண்டு. 1670-இல் இந்தக் கோட்டையில் பிறந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். 1689-இல் முகலாயப் படை ராய்கட்டை முற்றுகையிட்டபோது அவர் அங்கிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்து, மராட்டிய ஆட்சியை நடத்தியது நம் செஞ்சிக் கோட்டையில். அங்கேயும் முகலாயர் முற்றுகையிட்டார்கள்; 1698 வரை அது இழுத்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட்டும் செஞ்சியும் ஒன்றாக இருப்பது அதனால் தற்செயலாகத் தோன்றவில்லை. தோரணா அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். 9 மணிக்குள் ராஜ்கட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பத்மாவதி மாச்சியில் கோயிலும் குளமும், சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியின் தாய் சயீபாயின் சமாதியும் இருக்கின்றன. அரைமணி நேரம் கொடுங்கள். 7.45-க்குள் அங்கிருந்து நகர முடிந்தால் பாலேகில்லா ஏறலாம். கடைசிப் பகுதியில் கம்பிப்பிடி உண்டு, கூட்டம் சேர்ந்தால் ஒற்றை வரிசையில் காத்திருக்க நேரும். கிழக்கே இருக்கும் சுவேளா மாச்சியை இந்த முறை விட்டுவிடுங்கள். அங்கே பாறையில் காற்றும் மழையும் துளைத்த பெரிய கண் ஒன்று இருக்கிறது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் போக வேண்டியது மேற்கே. அதற்கெனத் தனியாக ஒரு நாள் வாருங்கள்.

சஞ்சீவனி மாச்சி: அவசரப்படக் கூடாத இடம்

நாள் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று படிகளாகத் தாழ்ந்துபோகும் மாச்சி. மதில் ஒன்று இல்லை, இரண்டு. நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவு பள்ளமான இடைவழி. வெளிமதிலை ஏறிக் குதித்தவன் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்வான். மேலே உள்மதிலில் காவலர்கள் நிற்பார்கள். கொத்தளங்களும் அதேபோல் இரட்டையானவை, வெளியே ஒரு வளைவு, உள்ளே ஒரு வளைவு. ஒன்று பீரங்கியில் உடைந்தாலும் மற்றது நிற்கும். உள்ளிறங்கும் படிகள் இருட்டான சின்ன வாசலுக்குள் மறைந்திருக்கும். விளக்கு கையில் இருந்தால் ஒரு கொத்தளத்திலாவது இறங்கிப் பாருங்கள், பாம்பு இருக்கிறதா என்று தரையைப் பார்த்தபடி.

மதில் மேல் ஏறி நடக்காதீர்கள். சுண்ணாம்பு உதிர்ந்து கற்கள் தளர்ந்திருக்கின்றன. ஒரு கல் சரிந்தால் உங்களுக்கும் ஆபத்து, அந்தக் கல் மறுபடி அதன் இடத்துக்கு வரவும் போவதில்லை. ராஜ்கட் மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம். பெயர் கிறுக்குவதும் கல்லை எடுப்பதும் குற்றம்.

மாச்சியின் பக்கவாட்டில் ஆளு தர்வாஜா. அதுதான் முகட்டுக்கு இறங்கும் வாசல். தாண்டியதும் ஒருமுறை நின்று மேற்கே பாருங்கள். தோரணா மலை முழுதாகத் தெரியும். அதுவரை வளைந்து போகும் முகடும் தெரியும். பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, நடுவில் எங்கே தாழ்ந்து கணவாயாகிறது என்று மனதில் பதிய வையுங்கள். கீழே போய்விட்டால் இந்தப் படம் கிடைக்காது.

முகடு: வழி தவறாமல் நடப்பது

முதல் இறக்கம்தான் கெட்டது. காய்ந்த மண்ணின் மேல் சரளை உருளும். உடலைப் பின்னுக்குச் சாய்க்காமல், முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன எட்டாக வையுங்கள். இருவருக்கிடையே இடைவெளி விட்டு இறங்குங்கள். கல் உருண்டால் கத்திச் சொல்லிவிடுங்கள். பாதையோரம் கைப்பிடிக்கக் கிடைப்பது பெரும்பாலும் கார்வி என்ற புதர். ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடி, நம் நீலக்குறிஞ்சியின் சொந்தக்காரி. பூக்கும் ஆண்டில் போக வாய்த்தால் கொடுத்து வைத்தவர்கள். காய்ந்த தண்டு ஒடிந்துவிடும் என்பதால் முழு எடையை அதன்மேல் போடாதீர்கள்.

முகடு என்றால் வழி தவறாது என்று நினைப்பார்கள். தவறும். மாடுகள் போட்ட தடங்களும் கிராமத்துக்கு இறங்கும் தடங்களும் முகட்டுப் பாதையைவிடத் தெளிவாக இருக்கும். ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஒரு பக்கமாகவே இறங்குகிற தடம் உங்களுடையது இல்லை, கடைசியாகப் பிரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கே வெட்டிப் போய் முகட்டைப் பிடிக்க முயலாதீர்கள். புல் மூடிய சரிவுக்குக் கீழே பாறை விளிம்பு இருந்தால் கடைசி நொடிவரை தெரியாது. சில குன்றுகளை உச்சி ஏறாமல் பக்கவாட்டில் சுற்றிப்போகும் பாதையும் உண்டு. அது தன் மட்டத்திலேயே போகும், தொடர்ந்து இறங்காது, அதுதான் அடையாளம்.

மேய்ச்சல்காரர் யாராவது எதிர்ப்பட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். மராத்தியில் ‘தாதா, தோரண்யாசி வாட் குடே?’ (அண்ணா, தோரணாவுக்கு வழி எங்கே?) என்றால் போதும், கையை நீட்டிக் காட்டுவார்கள். பெரியவர் என்றால் ‘மாமா’, வயதான பெண் என்றால் ‘மாவ்ஷீ’. நம் ஊர்போலவே முறை வைத்துக் கூப்பிட்டால் முகம் மலரும்.

கோட்டையிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில், வேல்ஹேயிலிருந்து மலைக்கு அந்தப்புறம் போகும் சாலை முகட்டை வெட்டும் கணவாய்க்கு வந்து சேருவீர்கள். இந்த நடையில் நல்லபடியாக விலகிக்கொள்ள இருக்கும் இடம் இது ஒன்றுதான். அதனால் இங்கே கட்டாயம் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

மணி 12.30-ஐத் தாண்டிவிட்டதா? ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறதா? யாருக்காவது தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கணுக்கால் வலி? மேற்கே மேகம் கறுக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் சாலை வழியாக வேல்ஹேக்கு இறங்கிவிடுங்கள். இந்த முடிவைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வைத்து எடுக்க வேண்டும், வேகமாக நடப்பவரை வைத்து இல்லை. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற பேச்சுக்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு 112; ஆம்புலன்ஸுக்கு 108. முகட்டின் மேட்டில் சிக்னல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தோரணா ஏற்றம்

கணவாய்க்கு மேல் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உச்சி வெயில், நிழல் குறைவு, கால்கள் ஏற்கெனவே நடந்தவை. இருபது நிமிடம் நடை, இரண்டு நிமிடம் நிற்றல் என்று ஒரு தாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேட்டையும் கடைசி மேடு என்று எண்ணி ஏமாறுவீர்கள். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு ஏறினால் அலுப்பு தெரியாது.

முடிவில் முகடு ஒடுங்கி, பாறையில் கைவைத்து ஏறும் இடம் வரும். இரும்பு ஏணியும் வைத்திருக்கிறார்கள். கைத்தடியைப் பையில் கட்டிவிடுங்கள். இரண்டு கை, இரண்டு கால், இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். ஏணியில் ஒருவர் ஏறி முடித்த பின்தான் அடுத்தவர். கீழே நிற்பவர்கள் அவருக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

ஏறியதும் புத்லா மாச்சி. தனித்து எழுந்து நிற்கும் பெரும்பாறையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இடிந்த மதில்களினூடே நடந்து, கொங்கண் தர்வாஜா வழியாக உள்கோட்டைக்குப் போக வேண்டும். ராஜ்கட்டின் ஒழுங்கு இங்கே கிடையாது. புல்லும் கல்லும் காற்றும்தான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. 1704-இல் ஔரங்கசீப்பின் படை இந்த இரண்டு கோட்டைகளையும் கைப்பற்றியது. நீங்கள் நடந்து வந்த முகட்டை மேலிருந்து பார்த்தால், ஒரு பேரரசின் படைக்கே இவை ஏன் அத்தனை பாடாக இருந்தன என்பது தெரியும்: வண்டியோ பீரங்கியோ இழுத்துவர இடமே இல்லை.

மேங்காயி தேவி கோயிலருகே அமர்ந்து மீதிச் சாப்பாட்டை முடியுங்கள். எதிரே நீண்டு கிடக்கும் ஜுஞ்சார் மாச்சிக்கு இறங்குவது இன்றைய நேரத்துக்குள் அடங்காது.

இறக்கம்

4.30-க்குள் கிளம்பிவிடுங்கள். கோட்டி தர்வாஜா, அடுத்து பீனி தர்வாஜா, அதன் பின் வேல்ஹே வரை சுமார் இரண்டு மணி நேரம். வாசலுக்குக் கீழே பாறைப்பகுதிகளில் கம்பி கட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அதில் தொங்க வேண்டாம். சறுக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் நடக்கின்றன. ஊர் கண்ணுக்குத் தெரியும், கவனம் கலையும். தலைவிளக்கைப் பையின் அடியிலிருந்து எடுத்து, இருட்டும் முன்பே கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பாதியில் ஒருமுறை நின்று காலணிக் கயிறை இறுக்கினால் கால்விரல் நகங்கள் தப்பிக்கும்.

வேல்ஹேயில் பிட்லாவும் பாக்ரியும் கிடைக்கும். கடலைமாவுக் குழம்பும் தடித்த ரொட்டியும், கடித்துக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும். சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் கழித்தே வண்டி ஓட்டத் தொடங்குங்கள். 13 மணி நேரம் விழித்து நடந்தவருக்கு புணே வரையிலான மலைச்சாலையும் நெடுஞ்சாலையும் லேசான வேலை இல்லை. குழுவில் நடக்காத ஓட்டுநர் ஒருவர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது.